இருநூற்றுப் பதினான்காம் வாசல்

மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தபோதும் நீலாம்பாளுக்கு அந்தப் புத்தகம் விளங்கவில்லை. மன்னார்குடியில் அரசாங்க மாணவியர் விடுதியின் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஆடி மாதக் காற்று பக்கங்களைப் புரட்டிவிட்டுக்கொண்டே இருந்தது. தான்தான் எதையோ தவறவிட்டுவிட்டோம் என்று முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

புத்தகத்தின் பெயர் ‘நீரடிக் கோட்டை – இரண்டாம் பாகம்’. எழுதியவர் வெண்ணாற்றான். கூத்தாநல்லூரில் கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீசும் அடிக்கும் அப்துல் அஜீஸ் என்பவர் தம் அச்சகத்தில் போட்டு வெளியிட்டிருந்தார்.

முதல் பாகம் அவளுக்கு எட்டாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிப் பரிசாகக் கிடைத்தது. பரிசு என்று அவள் கைக்கு வந்த முதல் பொருள் அது. மதகுக் காவலன் குடிசையில் பிறந்த சேலி என்கிற பெண்ணின் கதை. ஆற்றுக்கு அடியில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பாசிமுனி என்கிற மந்திரவாதி. எல்லாத் தண்ணீரையும் ஏழு வாசலுக்குள் பூட்டி வைத்திருக்கிறான். ஒரு பஞ்ச காலத்தில் சேலி மதகுப் பலகையைப் பிடுங்கிவிட, அந்தச் சுழலில் சிக்கிக் கோட்டைக்குள் போய் விழுகிறாள். கெண்டையும் விராலும் அவளுக்குப் படை. ஆறு வாசல் வரை அடித்து நொறுக்கிக்கொண்டு போய், கையில் ஒரு துடுப்போடு ஏழாம் வாசல் முன்னால் அவள் நிற்கிற இடத்தில் முதல் பாகம் முடிந்தது.

நீலாம்பாள் அப்போது அச்சகத்தின் விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். ‘சேலி உள்ளே போனதும் பாசிமுனியை விடக்கூடாது’ என்று எழுதி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தபடி அடியில் முழு விலாசம் போட்டாள். ‘நீலாம்பாள், த/பெ ஐயாவு, கீழத்தெரு, ஆலங்கரை’. பதில் வரவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்தாள்.

இரண்டாம் பாகத்தில் ஏழாம் வாசல் தானாகவே திறந்துகொண்டது. பாசிமுனி கைகூப்பி நின்று வரவேற்றான். “தேவி, இந்தக் கோட்டையே தங்களுடையது. தங்கள் உண்மைப் பெயர் காளிகாதேவி. செப்பேட்டில் எழுதியிருக்கிறது” என்றான். அவ்வளவுதான், சேலி இளவரசியாகிவிட்டாள். துடுப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. மீன்களைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் பாகத்தில் ஏழே வாசல் இருந்த கோட்டைக்கு இப்போது நூற்றுக்கணக்கில் வாசல்கள். அதில் இருநூற்றுப் பதினான்காம் வாசலின் மூன்றாம் படியில்தான் இளவரசியின் சொத்து இருக்கிறது என்று நான்கு இடங்களில் வருகிறது. அந்த வாசலுக்கு அவள் போகவே இல்லை. பக்கம் பக்கமாக அரண்மனை வருணனை. கடைசியில் இளவரசி தூங்கிப்போகிறாள். ‘அவள் உறங்கினாள். அவள் பெயர் மட்டும் விழித்திருந்தது’ என்று கதை முடிந்துவிட்டது.

புத்தகத்தை வாங்கி இரவல் கொடுத்தவள் மங்களாம்பிகை. பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள், வகுப்பில் பக்கத்து இருக்கை.

“எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு” என்றாள் அவள். “அந்த ஒட்டியாணத்த எவ்வளவு அழகா எழுதியிருக்காரு.”

“சண்டை போட வந்தவளுக்கு ஒட்டியாணம் எதுக்குடி?”

“இளவரசின்னா போட்டுக்கத்தான் செய்வா.”

“அவ இளவரசி இல்லடி, மதகுக்காரன் மவ. முதல் பாகத்துல அவ பொறந்த அன்னிக்கு மழையில கூரை ஒழுகுனதுகூட வருது. செப்பேட்டுல இருக்குன்னு ஒருத்தன் சொன்னா உடனே நம்பிடுவாளா? அதுவும் பாசிமுனி சொன்னா?”

மங்களாம்பிகைக்கு இதில் இவ்வளவு கோபப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை. நீலாம்பாளுக்கும் புரியவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை. முதல் பாகத்தைத்தான் நாம் தப்பாகப் புரிந்துகொண்டோமோ, சேலி ஆரம்பத்திலிருந்தே இளவரசிதானோ என்றுகூட ஒருநாள் நினைத்தாள். அன்றைக்கே கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தப்புகளை எழுத ஆரம்பித்தாள். பதினொன்று வந்தது. ஏழு வாசல் எப்படி இருநூற்றுக்கு மேல் ஆனது என்பது மூன்றாவது. சேலியின் பெயரை ஏன் காளிகாதேவி என்று மாற்றினீர்கள் என்பது ஐந்தாவது. பாசிமுனி எந்தப் பக்கத்தில் நல்லவனானான் என்பது கடைசி. ‘இந்தப் பாகம் நன்றாக இல்லை. வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது’ என்று முடித்து, பழைய விலாசத்துக்கே அனுப்பினாள்.

ஆவணி பிறந்து பத்து நாள் கழித்து விடுதிக்கு ஒரு கார்டு வந்தது. சின்னச் சின்னதாக, பிசிறில்லாத எழுத்து.

‘சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆலங்கரை மிராசுதார் வீட்டுக் கொல்லைப்பக்கம் வரவும். வெண்ணாற்றான்.’

ஆலங்கரை அவள் ஊர். மிராசுதார் என்றால் பஞ்சநதம். அவள் அப்பா ஐயாவும் அம்மா காளியம்மாளும் வேலை செய்வது அவர் வயலில்தான். கூலி உயர்வுக்காகப் போன வருஷம் வேலைநிறுத்தம் செய்தபோது வெளியூர் ஆளை வைத்து அறுப்பை முடித்தவர் அவர். நில உச்சவரம்பை முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாக இந்த அரசாங்கம் குறைத்ததிலிருந்து, யாரைப் பார்த்தாலும் சட்டம் பேசுகிறவர். அந்த மனுஷனா சேலியை எழுதினார்? கெண்டை மீனுக்குக் கவசம் மாட்டினார்? விடுதியிலிருந்து ஆலங்கரைக்குப் போகிற பஸ் முழுக்க அவளுக்கு இதே நினைப்பு.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் கொல்லைப்பக்கம் போனபோது கிணற்றடியில் நார்த்தை மரத்துக்குக் கீழே மிராசுதாரின் மனைவி பிரகதாம்பாள் முக்காலியில் உட்கார்ந்து பாசிப்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். ஊரில் அவளைப் பார்த்தவர்கள் குறைவு, அவள் பேசிக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. நீலாம்பாள் வேலியோரம் நின்றாள்.

“அம்மா, ஐயா வரச் சொல்லியிருந்தாங்க.”

“எந்த ஐயா?”

“வெண்ணாற்றான் ஐயாங்க.”

பிரகதாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். “உள்ள வா. கல்லு இருக்கு பாரு, அதுல உட்காரு. அவரு தஞ்சாவூர் போயிருக்காரு, வர ராவாயிடும்.”

நீலாம்பாள் உட்காரவில்லை. முந்தானைக்குள்ளிருந்து அந்த அம்மாள் எடுத்தது நீலாம்பாளின் கணக்கு நோட்டுக் காகிதம். பதினொரு தப்புகள். மடிப்பு நைந்துபோகிற அளவுக்குப் பிரித்துப் பிரித்துப் படித்திருந்தாள்.

“நீங்களாம்மா?”

“நான்தான். பொம்பளை பேருல போட்டா யாரு வீட்டுப் பொம்பளைன்னு தேடிக்கிட்டு வருவாங்கன்னு அஜீஸ் பாய்தான் இந்தப் பேரு வச்சாரு. எங்க அப்பா வீட்டுக்குப் பத்திரிகை அடிச்சுக் கொடுக்கற பழக்கம். பாய்க்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இப்ப உனக்கு.”

இத்தனை நாளாக மனசுக்குள் இருந்த வெண்ணாற்றானுக்கு மீசை இருந்தது, கண்ணாடி இருந்தது. இந்தக் கிணற்றடியில் அவரை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் நீலாம்பாள் நின்றாள்.

“பதினொன்னு கண்டுபிடிச்சிருக்கே” என்றாள் பிரகதாம்பாள். “துடுப்பு காணாமப் போனது எனக்கே தெரியாது. எல்லாத்தையும் பார்த்துட்டு, சொல்ல வந்தத மட்டும் விட்டுட்டியே.”

“எதைங்க?”

“இருநூத்திப் பதினாலாம் வாசல், மூணாம் படி. அப்படின்னா என்ன?”

“அதான் மூணாவதுல கேட்டிருக்கேங்க.”

“ஏன்டி, வயல்காட்டுல பொறந்தவதானே நீ? நெலத்துக்கு நம்பர் எப்படிப் போடுவாங்க?”

நீலாம்பாள் விழித்தாள். சொந்த நிலம் இருக்கிற வீட்டில்தான் அந்த நம்பர் புழங்கும். அவர்கள் வீட்டில் வயலுக்கெல்லாம் நாவல்மரத்துப் பங்கு, மடையடி, பெரிய கட்டளை என்றுதான் பெயர். பிரகதாம்பாளுக்கு அது பிறகுதான் உறைத்தது போலிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சர்வே நம்பர் இருநூத்திப் பதினாலு, உட்பிரிவு மூணு. மடையடி வயல். நாலு ஏக்கர். அது யாரு பேருல இருக்கு தெரியுமா? காளிகாதேவி பேருல.”

“புரியலைங்க.”

“உங்கம்மா பேரு என்ன?”

நீலாம்பாள் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரகதாம்பாள் அவசரமாகச் சொல்லி முடித்தாள். போன வருஷத் தையில், சட்டம் வரப்போகிறதென்று தெரிந்ததும், பஞ்சநதமும் ஊர்க் கர்ணமும் கூடத்தில் உட்கார்ந்து எந்த வயலை யார் பேருக்கு மாற்றுவதென்று பட்டியல் போட்டார்கள். காப்பி கொண்டுபோன பிரகதாம்பாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். ஒன்றுவிட்ட தம்பி பேரில் கொஞ்சம், வண்டிக்காரன் பேரில் கொஞ்சம், செத்துப்போன ஒரு சித்தப்பா பேரில் கொஞ்சம். மடையடி நாலு ஏக்கருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஆளாக இருக்கவேண்டும், கேள்வி கேட்காத ஆளாக இருக்கவேண்டும் என்றார் கர்ணம். ஐயாவு சங்கத்து ஆள், அவன் வேண்டாம், அவன் பெண்சாதி பேரில் போடுங்கள், யாருக்கும் சந்தேகம் வராது என்றார். கிரயப் பத்திரம் எழுதினார்கள். வாங்குகிறவள் கைநாட்டு அதற்குத் தேவைப்படவில்லை.

“அத நேரா சொல்லியிருக்கலாமேங்க” என்றாள் நீலாம்பாள். “எங்கம்மா தெனம் உங்க களத்துக்குத்தானே வருது.”

“வருது. நான் எப்படிப் பேசறது? கூடத்துல அவரு, வாசல்ல பண்ணை பார்க்கற காரியக்காரரு, கொல்லையில வேலைக்காரி. உங்க தெருவுக்கு நான் நடந்து வந்தா ஊரே பின்னால வராதா? உன் முதல் கடிதாசி என்கிட்ட இருந்துச்சு. கீழத்தெருவுலேர்ந்து ஒரு பொண்ணு படிக்குது, இத எப்படியும் படிச்சுடும், படிச்சா புரிஞ்சுக்கும்னு நினைச்சேன். உனக்காகத்தான் அந்தப் பாகத்த எழுதினேன்.” சற்று நிறுத்தி, “அதுக்காகக் கதைய கெடுத்தேன். அது எனக்கும் தெரியும்” என்றாள்.

நீலாம்பாள் அந்த நைந்த காகிதத்தைப் பார்த்தாள். அத்தனை பேர் வாங்கிப் படித்து அலுத்துப்போன புத்தகம், மங்களாம்பிகைக்கு ஒட்டியாணமாகத் தெரிந்த புத்தகம், தன் ஒருத்திக்கு வந்த கடிதமா? அதைத் தான் மூன்று முறை படித்துத் திட்டி அனுப்பினோமா? சந்தோஷப்பட வேண்டுமா, வெட்கப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

“எதுக்குங்க இதச் செஞ்சீங்க? உங்க வீட்டு ஐயாவுக்குத்தானே நட்டம்?”

பிரகதாம்பாள் பருப்பில் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். “உங்க மேல இரக்கப்பட்டேன்னு நினைச்சுக்காத. மடையடிய என் பேருல எழுதுங்களேன்னு அன்னிக்கு நானும் கேட்டேன். கட்டினவ பேருல எழுதினா எல்லாம் ஒரே குடும்பம்னு வந்துடும், உன் பேரு எதுக்கும் உதவாதுன்னாரு. கர்ணமும் சிரிச்சாரு. அதனால செஞ்சேனா, வேற எதுக்காகவா, எனக்கே சரியாத் தெரியல. போ, நாழியாச்சு.”

வேலியைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “சேலி யாருன்னு தெரியுமா? உங்கம்மாதான். தண்ணி வராத வருஷம் மடையில குதிச்சுப் பலகைய பிடுங்கினா பாரு, மாடியிலேர்ந்து பார்த்தேன். அப்புறம்தான் எழுதவே ஆரம்பிச்சேன்.”

கீழத்தெருவில் காளியம்மாள் அடுப்புக்கு வறட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் எதை முதலில் சொல்வதென்று தெரியாமல் மதகிலிருந்து ஆரம்பித்தாள்.

“அம்மா, நீ மடைப் பலகைய பிடுங்குனியாமே?”

“யாரு சொன்னா? அது நடந்து எத்தினி வருசம் ஆச்சு. கால் வழுக்கி உள்ள விழுந்துட்டேன். எந்திரிக்கலாம்னு பலகைய பிடிச்சேன், அது கையோட வந்துருச்சு. தண்ணி பிச்சுக்கிட்டு போவுது, நான் அம்மா அப்பான்னு கத்துறேன். காரியக்காரரு அடிக்க வந்தாரு. பயந்துகிட்டு பேராவூரணில எங்க அக்கா வூட்டுல போயி ரெண்டு மாசம் கிடந்தேன், தேங்கா உரிச்சுக்கிட்டு.”

“வேணும்னு பிடுங்கலையா?”

“எனக்கென்ன பைத்தியமா?”

ஒரு சாயங்காலத்துக்குள் நீலாம்பாள் எழுத்தாளரையும் இழந்தாள், சேலியையும் இழந்தாள். மீதியை அம்மாவிடமும் அப்பாவிடமும் சேர்த்துச் சொன்னாள். யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஐயாவு பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“எம் பேருலயா?” என்றாள் காளியம்மாள். “அந்த மடையடியில அஞ்சு வருசமா நான்தானே நடவு நடுறேன். எவ வயலுன்னு தெரியாமலா நட்டேன்?”

“ஏதாவது பொறியா இருக்கும்” என்றார் ஐயாவு. “நம்ம பேர மாட்டிவிட்டு நாளைக்கு நம்மளையே உள்ள தள்ளுவாங்க. சங்கத்துல கேட்டுக்குவோம்.”

விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அந்தப் பக்கத்துக்கு கோவிந்தராசு பொறுப்பாளர். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “பினாமி. ஜில்லா பூராவும் இதுதான் நடக்குது. ஆனா யாரு பேருல எதுன்னு நமக்குத் தெரியறதே இல்ல. உனக்கு எப்படிப் பாப்பா நம்பரோட தெரிஞ்சுது?”

“ஒரு கதைப் புத்தகத்துல இருந்துச்சுங்க” என்றாள் நீலாம்பாள். அவள் வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்து அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, அம்மாவையும் கோவிந்தராசுவையும் கூட்டிக்கொண்டு மன்னார்குடி பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். சர்வே நம்பர் இல்லாமல் தேட முடியாது என்று குமாஸ்தா தலை நிமிராமலே சொன்னார். நம்பரைச் சொன்னாள். மனுவை அவளே எழுதினாள். பத்திரத்தின் நகல் கைக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. பச்சை மை முத்திரை குத்திய காகிதத்தில் மூன்றாவது வரியில் இருந்தது: ‘ஆலங்கரை கீழத்தெரு ஐயாவு மனைவி காளியம்மாளுக்கு’.

காளியம்மாள் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். “இதுவா எம் பேரு? இவ்வளவு நீளமா இருக்கு?” என்றாள்.

புரட்டாசியில் நடவு தொடங்கியது. மடையடி வயலுக்கு மிராசுதாரின் ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் காலையில், கோவிந்தராசு ஏற்பாடு செய்த நாற்றுக்கட்டுகளோடு காளியம்மாளும் கீழத்தெருப் பெண்கள் நாற்பது பேரும் இறங்கிவிட்டார்கள். உழுது பரம்படித்து வைத்திருந்தது மிராசுதாரின் செலவு. நீலாம்பாள் வரப்பில் நகலைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எட்டு மணிக்குப் பஞ்சநதம் குடையோடு வந்தார். நாலு ஆட்கள் பின்னால். அவருக்கு முதலில் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

“ஏ காளியம்மா, நாளைக்குத்தானே நடவு? யாரு இன்னிக்கு எறங்கச் சொன்னது?”

“நான்தான் எறங்குனேன், ஐயா.” ‘ஆண்டே’ என்று சொல்லிப் பழகிய வாய் ‘ஐயா’ என்பதில் போய் நிற்கக் கொஞ்சம் தடுமாறியது.

“யாரு வயல்ல?”

“எம் வயல்லதான்.”

ஆட்கள் முன்னால் வந்தார்கள். வரப்பில் நின்ற கோவிந்தராசு நீலாம்பாளைப் பார்த்தார். அவள் நகலைப் பையிலிருந்து எடுத்துப் படித்தாள். நான்கு எல்லைகளையும் படித்தாள். விற்றவர் பெயரைப் படித்தபோது ஆட்கள் மிராசுதாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அது சும்மா ஒரு ஏற்பாட்டுக்கு எழுதினது” என்றார் பஞ்சநதம். “பேருதான் உன்னுது. நெலம் என்னுது.”

“அப்ப வாங்கையா” என்றாள் காளியம்மாள். இடுப்புச் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, சேறு வழியும் காலோடு வரப்பில் ஏறினாள். “நம்ம ரெண்டு பேருமா தாசில்தார்ட்ட போவோம். நீங்க இத சொல்லுங்க. உங்களுதுதான்னு அவரு சொல்லிட்டாருன்னா நான் நாத்த பிடுங்கிக்கறேன்.”

பஞ்சநதம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். போலீசில் சொன்னாலும் இதுதான், தாசில்தாரிடம் சொன்னாலும் இதுதான். மடையடி என்னுடையது என்று வாய்விட்டுச் சொன்னால் தம்பி பேரில் இருப்பதும் வண்டிக்காரன் பேரில் இருப்பதும் செத்த சித்தப்பா பேரில் இருப்பதும் உச்சவரம்புக் கணக்கில் கூடவே எழுந்து வரும். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “கர்ணத்தப் பார்த்துக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வரப்பிலேயே திரும்பினார்.

அன்றைக்கு நடவு முடிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கோவிந்தராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நீலாம்பாள் மட்டும் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். மிராசுதார் போன திக்கில் மாடி ஜன்னல் தெரிந்தது. அதில் யாரும் இருக்கிறார்களா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

கர்ணம்தான் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பஞ்சநதம் முடிவு செய்துவிட்டார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. நடுவில் ஒருவர் மூலம், மூன்று ஏக்கரைத் திருப்பி எழுதிக் கொடுத்தால் ஒரு ஏக்கரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். எழுதிக் கொடுக்கத் தனக்கு எழுத்து தெரியாதே என்று காளியம்மாள் பதில் அனுப்பினாள். வண்டிக்காரன் தன் பேரில் என்ன இருக்கிறதென்று ஒருநாள் வந்து நீலாம்பாளிடம் தனியாக விசாரித்துவிட்டுப் போனான். அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாம் பாகத்தை மறுபடி இரவல் வாங்கிப் பார்த்தாள். எல்லா வாக்கியமும் ஒரு நம்பர் போலவே தெரிந்தது. ‘நூற்றெட்டு முத்துகள் கோத்த மாலை’ என்று ஓரிடத்தில் வருகிறது. அது வயலா, வெறும் மாலையா? அன்றிலிருந்து அவளால் எந்தக் கதையையும் கதையாக மட்டும் படிக்க முடியவில்லை.

தை அறுப்பு நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு மாசியில் ஒரு திங்கட்கிழமை, விடுதிக்குத் திரும்ப நீலாம்பாள் மன்னார்குடி பஸ்ஸில் ஏறியபோது பெண்கள் இருக்கையில் பிரகதாம்பாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் மாற்றுச் சேலை பிதுங்கிய ஒரு துணிப்பை. அந்த அம்மாள் பஸ்ஸில் போனதை ஊரில் யாரும் கண்டதில்லை. பக்கத்தில் இடம் இருந்தது. நீலாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உட்காரு” என்றாள் பிரகதாம்பாள்.

உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கேட்டாள்.

“உங்க வீட்டு ஐயாவுக்குத் தெரிஞ்சுடுச்சாங்கம்மா?”

“இல்ல. அவரு கதைப் புத்தகம் படிக்கமாட்டாரு.” ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு திரும்பி, “இப்பவும் அந்தப் பாகம் நல்லா இல்லைன்னுதான் நினைக்கிறியா?” என்றாள்.

நீலாம்பாள் யோசித்தாள். அந்தப் புத்தகத்தால்தான் விற்றது போகவும் வீட்டில் ஆறு மூட்டை நெல் இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்டது மிராசுதார் வீட்டு அம்மாளாகத் தெரியவில்லை, வெண்ணாற்றானாகத் தெரிந்தது.

“நல்லா இல்லங்கம்மா” என்றாள்.

பிரகதாம்பாள் தலையை ஆட்டினாள். கோபமாகத் தெரியவில்லை.

“அந்தப் பாசிமுனி எப்படி நல்லவனானான்னு எனக்கு இன்னும் விளங்கல. நம்பர சொல்றதுக்கு அவன் நல்லவனாக வேண்டியதில்லையேங்க. கெட்டவனாவே இருந்துகிட்டுச் சொல்லியிருக்கலாமே.”

“இருந்திருக்கலாம்.” பஸ் பாமணியாற்றுப் பாலத்தில் ஏறியது. “அவன கெட்டவனா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். எழுத வரல. பக்கத்து அறையில அவரு இருமிக்கிட்டிருந்தாரு.”

அப்படியென்றால் இந்த அம்மாளுக்கு அவர்மேல் பிரியமா? பிரியம் இருந்தால் நம்பரை எதற்குச் சொன்னாள்? நீலாம்பாள் கேட்க நினைத்து வார்த்தை தேடுவதற்குள் விடுதி நிறுத்தம் வந்துவிட்டது. எழுந்துகொண்டாள்.

“வர்றேங்கம்மா. நீங்க எங்க போறீங்க?”

“பார்ப்போம்” என்றாள் பிரகதாம்பாள்.

நீலாம்பாள் இறங்கி நின்றாள். அச்சகத்துக்குக் கூத்தாநல்லூர் போவதானால் அந்த அம்மாளும் இங்கேதான் இறங்கி வேறு பஸ் மாறவேண்டும். தஞ்சாவூருக்கும் இந்த பஸ் போகாது. பிரகதாம்பாள் இறங்கவில்லை. நடத்துநர் விசில் கொடுத்தார். பஸ் தேரடிப் பக்கம் திரும்பிப் போயிற்று. பள்ளிக்கூட மணி அடிக்கிற வரைக்கும் நீலாம்பாள் அங்கேயே நின்று, அந்தப் பாதையில் இன்னும் என்னென்ன நிறுத்தங்கள் உண்டு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.